கீபோர்டில் இருக்கும் யூஎஸ்பி போர்ட்டும் பதினொரு கல்யாணப் படங்களும்

அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டவர்களுக்கு மறக்காது. 'டிக்'. மூச்சு விடும் நேரம் அமைதி. உள்ளே ஏதோ சுழல ஆரம்பித்து அடங்கும் மெல்லிய இரைச்சல். மறுபடி 'டிக்'. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று எழுந்திருக்க முடியாமல் திணறும் சத்தம் அது. என் மேஜையில் அதைக் கேட்ட சாயங்காலத்துக்கு அப்புறம்தான் யூஎஸ்பி போர்ட் என்றால் என்ன, அதில் எவ்வளவு கரண்ட் வரும் என்று உட்கார்ந்து படித்தேன். படித்ததையும் மீட்டர் வைத்து அளந்து பார்த்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் திண்டுக்கல்லில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறேன். ஸ்டுடியோக்காரர்கள் படங்களைக் கொண்டுவந்து தருவார்கள். கலர் சரிசெய்து, பக்கம் அடுக்கி, பிரிண்டுக்குப் போகும் நிலையில் திருப்பித் தருவேன். சிபியு மேஜைக்கு அடியில், சுவரை ஒட்டி இருக்கிறது. பின்பக்கப் போர்ட்டைத் தொட வேண்டுமென்றால் முட்டி போட்டு உள்ளே குனிய வேண்டும். முன்பக்கம் இருந்த இரண்டில் ஒன்று லூசாகிவிட்டது. அதனால் புது கீபோர்டு வாங்கும்போது, மேல் விளிம்பில் இரண்டு யூஎஸ்பி போர்ட் வைத்த ஒன்றைப் பார்த்ததும் அதையே எடுத்துக்கொண்டேன். எழுத்துகளுக்கு அடியில் வெளிச்சம் வரும். போர்ட் இரண்டும் கைக்கு எட்டும் தூரத்தில். யார் ஹார்ட் டிஸ்க் கொண்டுவந்தாலும் குனியாமல் சொருகிவிடலாம் என்று சந்தோஷமாக இருந்தது.

சில வாரங்கள் எந்தத் தொந்தரவும் இல்லை. பென் டிரைவ், கார்டு ரீடர், ஹார்ட் டிஸ்க் எல்லாம் அதில்தான். வேலை செய்தது என்பதுதான் பெரிய ஏமாற்றம் என்று இப்போது புரிகிறது. முதல் நாளே வேலை செய்யாமல் போயிருந்தால் எதுவும் கெட்டிருக்காது.

வைகாசி முகூர்த்தம். ஒரு போட்டோகிராபர் தம்பி மண்டபத்திலிருந்து நேராக வந்தான். கையில் 2 டிபி ஹார்ட் டிஸ்க், பையில் அன்று காலை எடுத்த கார்டுகள். "அண்ணே, இதுல முந்தா நாள் பெண் அழைப்பு இருக்கு. முகூர்த்தக் கார்டையும் இதுலயே காப்பி பண்ணிருவோம்" என்றான். கார்டு ரீடரை முன்பக்கப் போர்ட்டில் போட்டேன். ஹார்ட் டிஸ்க்கைக் கீபோர்டில் சொருகினேன். காப்பி ஓட ஆரம்பித்தது. அவன் போனில் சார்ஜ் 4 சதவீதம். "இதுல போட்டுக்கவாண்ணே?" என்று கீபோர்டின் இன்னொரு போர்ட்டைக் காட்டினான். போடு என்றேன். அப்புறம் ரூம் இருட்டாகிவிட்டது என்று கீபோர்டு வெளிச்சத்தையும் முழுசாகக் கூட்டிவைத்தேன்.

காப்பி பாதியைத் தாண்டியதும் கீபோர்டின் வெளிச்சம் ஒரு கணம் அணைந்து திரும்ப வந்தது. விண்டோஸ் யூஎஸ்பி கழன்றால் போடும் சத்தம், அடுத்து சேர்ந்தால் போடும் சத்தம், திரும்பவும் கழன்ற சத்தம். பிறகு அந்த 'டிக்'. நான் பதறி ஹார்ட் டிஸ்க்கை உருவி அதே போர்ட்டில் மறுபடி சொருகினேன். திரையில் ஒரு பெட்டி வந்தது: இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா என்று. அந்தப் பெட்டி வந்தால் யாராக இருந்தாலும் முதலில் 'கேன்சல்' அழுத்துங்கள். அவசரத்தில் விரல் மாறிவிட்டால், மீட்கும் வேலை பல மடங்கு கஷ்டமாகிவிடும்.

அப்புறம் முட்டி போட்டு மேஜைக்கு அடியில் போய், மதர்போர்டிலேயே இருக்கும் பின்பக்கப் போர்ட்டில் அதே டிஸ்க்கை, அதே கேபிளில் சொருகினேன். ஒரு சத்தமும் இல்லை. அமைதியாகச் சுழன்று நின்றது. டிஸ்க் கெட்டுப்போகவில்லை. ஆனால் உள்ளே பெண் அழைப்பு ஃபோல்டரைக் காணோம்.

முகூர்த்தப் படங்கள் கார்டில் அப்படியே இருந்தன, அதனால் தப்பித்தன. பெண் அழைப்புக் கார்டுகளை அவன் அன்று காலையே ஃபார்மேட் செய்து, முகூர்த்தத்துக்கு எடுத்துவிட்டான். அந்தப் படங்கள் இருந்த ஒரே இடம் இந்த டிஸ்க். அது எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டது. மேக், விண்டோஸ் இரண்டிலும் எழுத முடியும் என்பதால் போட்டோ வேலையில் இருக்கும் பலர் அப்படித்தான் வைத்திருப்பார்கள். ஆனால் எக்ஸ்ஃபேட்டில், எழுதப்போவதை முன்கூட்டியே குறித்துவைத்துக்கொள்ளும் ஜர்னல் வசதி கிடையாது. எழுதும்போது பாதியில் கரண்ட் போனால், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியலே குலைய வாய்ப்புண்டு. எங்களுக்கு அதுதான் நடந்தது.

முதலில் அந்த டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுதாமல், முழு டிஸ்க்கையும் அப்படியே இன்னொரு பெரிய டிஸ்க்குக்கு இமேஜ் எடுத்தோம். அது ஓடி முடிய ராத்திரி முழுக்க ஆனது. மீட்கும் சாஃப்ட்வேரை அந்த இமேஜின் மேல்தான் ஓட்டினேன், மூல டிஸ்க்கைத் தொடவே இல்லை. ஃபைல் பெயர்கள் போய்விட்டன. படங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடைசியில் பதினொன்று தவிர எல்லாம் கிடைத்தது. அந்தப் பதினொன்றும் துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்டவை போல. மேல் பாதி வந்தது, கீழ்ப் பாதி வெறும் சாம்பல் நிறம். அதில் ஒன்று, பெண்ணின் பாட்டி நலங்கு வைக்கும் படம். பாட்டியின் முகம் தெரிகிறது, நெற்றிக்கு நேராக உயர்ந்த கை தெரிகிறது. அதற்குக் கீழே பெண்ணின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல். நானும் தம்பியும் அவர்கள் வீட்டுக்கே போய் நடந்ததைச் சொன்னோம். பெண்ணின் அம்மா அந்தப் பாதிப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் எனக்கு வழக்கமாகச் சர்வீஸ் செய்து தரும் அண்ணனிடம் கீபோர்டை எடுத்துப்போனேன். அவர் போர்ட்டைக்கூடப் பார்க்கவில்லை, கேபிளை விரலில் உருட்டிப் பார்த்தார். "தம்பி, இது மௌசுக்குன்னு வச்ச போர்ட்டு. இதுல ஹார்ட் டிஸ்க்கைப் போய்ச் சொருகுவியா?" என்றார்.

அவர் சொன்னது சரிதான், வரலாறும் அப்படித்தான். 1998-ல் ஆப்பிள் முதல் ஐமேக்கை விட்டபோது கூடவே வந்த கீபோர்டில் இரண்டு யூஎஸ்பி போர்ட் இருந்தன. வலது கைக்காரர் வலப்பக்கம், இடது கைக்காரர் இடப்பக்கம் மௌசைச் சொருகிக்கொள்ளலாம். இந்த ஏற்பாடு மௌசுக்காக வந்தது. போர்ட்டின் வடிவம் மட்டும் மற்ற யூஎஸ்பி போர்ட்டுகளைப் போலவே இருப்பதால், அதில் எதையும் போடலாம் என்று நாம் எடுத்துக்கொண்டோம்.

இதன் கணக்கைச் சொல்கிறேன். இரண்டு மூன்று எண்கள் தெரிந்தால் போதும்.

யூஎஸ்பி 2.0 விதிப்படி கணினியில் நேரடியாக இருக்கும் ஒரு போர்ட் 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் வரை கொடுக்க வேண்டும். போர்ட் வைத்த கீபோர்டுக்குள்ளே ஒரு சின்ன ஹப் சிப் இருக்கிறது; ஒரு யூஎஸ்பி இணைப்பைப் பல கிளையாகப் பிரித்துக் கொடுப்பதுதான் ஹப். அந்த ஹப்பின் ஒரு கிளை உள்ளேயே கீபோர்டின் சிப்புக்குப் போய்விடும். மற்றக் கிளைகள்தான் வெளியே போர்ட்டாகத் தெரிகின்றன. கீபோர்டுக்குத் தனி அடாப்டர் கிடையாது. கணினியிலிருந்து ஒரே கேபிளில் வரும் அந்த 500-ஐத்தான் ஹப், கீபோர்டு, எழுத்து வெளிச்சம், வெளியே சொருகியவை எல்லாம் பகிர்ந்துகொள்ள வேண்டும். இப்படித் தனி மின்சாரம் இல்லாத ஹப்புக்கு விதி ஒன்று உண்டு: அதன் ஒவ்வொரு போர்ட்டுக்கும் 100 மில்லி ஆம்பியர்தான் கணக்கு. மௌசுக்கு அது தாராளம். யூஎஸ்பி 3.0-ல் கணினியின் போர்ட் 900 வரை தரும். ஆனால் தனி மின்சாரம் இல்லாத ஹப்பின் போர்ட்டுக்கு அங்கேயும் 150-தான். ஆகவே கீபோர்டில் யூஎஸ்பி 3.0-க்கான நீல நிறப் போர்ட் இருக்கிறது என்று நம்பி ஹார்ட் டிஸ்க்கைப் போட்டுவிட முடியாது.

2.5 இஞ்ச் ஹார்ட் டிஸ்க் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது சில நூறு மில்லி ஆம்பியர் எடுக்கும். நின்றிருக்கும் தட்டைச் சுழற்றி வேகமெடுக்கவைக்கும் முதல் சில நொடிகளில் 1 ஆம்பியரை நெருங்கும். அந்த நேரத்தில் போதிய வோல்ட்டேஜ் கிடைக்காவிட்டால் மோட்டார் வேகத்தை எட்டாது. எழுதும் முனை தன் ஓரத்துக்குத் திரும்பிவிடும். டிஸ்க் மறுபடி முயலும். நான் கேட்ட 'டிக்' அதுதான்.

அப்படியானால் கணினி ஏன் என்னைத் தடுக்கவில்லை? எனக்கு இதுதான் ரொம்ப நாள் உறுத்தியது. பதில் தெரிந்தபோது, யூஎஸ்பியின் 100, 500 எல்லாம் குழாயில் வைத்த வால்வு மாதிரி இல்லை என்று புரிந்தது. அது பந்தியில் உட்காரும் முன் எத்தனை இலை வேண்டும் என்று சொல்லிவிட்டு உட்காருவது போன்றது. ஒரு சாதனத்தைச் சொருகியதும், அதிகபட்சம் எனக்கு இவ்வளவு தேவை என்று அது தன் விவரத்தில் எழுதி வைத்திருக்கும் எண்ணைக் கணினி படிக்கிறது. அந்த எண் ஒரே பைட்டில் இருக்கும். யூஎஸ்பி 2.0-ல் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் 2 மில்லி ஆம்பியர். 250 என்று எழுதியிருந்தால் 500 கேட்கிறது என்று பொருள். கணினி அந்தக் கேட்பையும் ஹப்பின் கையிருப்பையும் ஒப்பிட்டு அனுமதி தருகிறது, அல்லது ஹப்பில் பவர் போதாது என்று மறுக்கிறது. உண்மையில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்பதை இந்தக் கணக்கு பார்ப்பதே இல்லை. அதிகமாகப் போனால் தடுக்க இருப்பது பெரும்பாலும் மதர்போர்டில் உள்ள ஒரு சின்னப் பாதுகாப்பு ஃப்யூஸ், அதுவும் 500-க்கு நன்றாக மேலே போனால்தான் அசையும்.

இதிலிருந்து இரண்டு விசித்திரங்கள் வருகின்றன. ஒரு பென் டிரைவ் உண்மையில் கொஞ்சமாகத்தான் எடுக்கும், ஆனால் முன்னெச்சரிக்கையாக 300 வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும். கீபோர்டில் சொருகினால் மறுக்கப்படும். அதே போர்ட்டில் ஒரு குட்டி யூஎஸ்பி ஃபேனைச் சொருகினால் ஓடும். அதற்கு டேட்டா இணைப்பே இல்லை. கணினிக்கு அது வந்து உட்கார்ந்ததே தெரியாது. ஃபேன் ஓடுகிறதே, ஹார்ட் டிஸ்க்குக்கு என்ன என்று நினைக்கத் தோன்றும். நானே அப்படி நினைத்திருக்கிறேன்.

இரண்டாவது விசித்திரம் என் கீபோர்டில் இருந்தது. ஹப் கூடத் தன்னைப் பற்றி ஒரு விவரம் சொல்ல வேண்டும்: எனக்குத் தனி மின்சாரம் இருக்கிறது, அல்லது கணினியை நம்பித்தான் இருக்கிறேன் என்று. சில ஹப்புகள் தனி அடாப்டர் இல்லாமலே, தனி மின்சாரம் இருக்கிறது என்று சொல்லிவிடுகின்றன. அதை நம்பி ஒவ்வொரு போர்ட்டுக்கும் 500 உண்டு என்று கணினி கணக்கு வைத்துக்கொள்கிறது. எச்சரிக்கைப் பெட்டியே வராது. லினக்ஸ் வைத்திருக்கும் நண்பரின் லேப்டாப்பில் என் கீபோர்டைச் சொருகி விவரத்தைப் படித்தபோது, அது 'செல்ஃப் பவர்டு' என்று தன்னை எழுதியிருந்தது. என் மேஜையில் மறுக்கவும் ஆள் இல்லை, எச்சரிக்கவும் ஆள் இல்லை. கரண்ட் ஓடியது, வோல்ட்டேஜ் இறங்கியது, அவ்வளவுதான்.

வோல்ட்டேஜ் ஏன் இறங்குகிறது என்பதைத்தான் சர்வீஸ் அண்ணன் கேபிளை உருட்டிப் பார்த்துச் சொன்னார். கீபோர்டு கேபிள் வளைவதற்காக மெல்லிசாகச் செய்யப்படுகிறது. உள்ளே கரண்ட் போகும் கம்பி பல நேரம் 28 கேஜ்தான் (கம்பியின் தடிமனைச் சொல்லும் எண்; எண் கூடினால் கம்பி மெல்லிசு). அதற்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் மின்தடை. 1.8 மீட்டர் கேபிள் என்றால் போவதற்கு ஒரு கம்பி, திரும்பி வர ஒரு கம்பி, மொத்தம் 3.6 மீட்டர், ஏறக்குறைய முக்கால் ஓம். 500 மில்லி ஆம்பியர் ஓடினாலே கிட்டத்தட்ட 0.38 வோல்ட் கேபிளிலேயே போய்விடும். 1 ஆம்பியர் இழுத்தால் முக்கால் வோல்ட் காலி. யூஎஸ்பி 2.0 விதி, கணினியின் போர்ட்டில் குறைந்தது 4.75 வோல்ட் இருக்க வேண்டும் என்கிறது. தனி மின்சாரம் இல்லாத ஹப்பின் போர்ட்டில் 4.40 வரை இறங்கலாம் என்று அனுமதிக்கிறது. 100 மில்லி ஆம்பியர் சாதனங்கள் அந்த 4.40-லும் வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட வேண்டும். ஹார்ட் டிஸ்க்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன யூஎஸ்பி மீட்டர் ஒன்று வாங்கினேன். போர்ட்டுக்கும் சாதனத்துக்கும் நடுவே சொருகினால் வோல்ட்டேஜும் கரண்டும் காட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க என் மேஜையை அளந்தேன். பின்பக்கப் போர்ட்டில் ஒன்றும் சொருகாமல் 5.10. கீபோர்டு போர்ட்டில் வெளிச்சம் முழுசாக எரியும்போது, ஒன்றும் சொருகாமலே 4.96. மௌஸ் போட்டால் 4.94, ஒரு மாற்றமும் இல்லை என்றே சொல்லலாம். போன் சார்ஜில் இருக்கும்போது 4.64. இதற்காகவே தேடி எடுத்த, டேட்டா ஒன்றும் இல்லாத பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தனியாகப் போட்டேன்: சுழல ஆரம்பிக்கும்போது 4.40-க்குக் குதித்து, ஓட ஆரம்பித்ததும் 4.65-ல் நின்றது. எல்லைக்கோட்டில் நின்று அத்தனை வாரம் தப்பித்திருக்கிறது. டிஸ்க்கும் போனும் சேர்ந்தபோது எண் 4.1 என்று மின்னியது, கீபோர்டு வெளிச்சம் துடித்தது, 'டிக்'. இந்த மீட்டர் நிதானமாகத்தான் எண்ணை மாற்றும். உண்மையான இறக்கம் இன்னும் கீழே போயிருக்கும்.

அந்தச் சாயங்காலத்தில் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. எல்லோரும் ஒரே மெல்லிய கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்: டிஸ்க், போன், வெளிச்சம், கீபோர்டு. வோல்ட்டேஜ் விழுந்ததும் ஹப் சிப்பே ரீசெட் ஆனது. அதனால்தான் எல்லாமே ஒன்றாகக் கழன்று ஒன்றாகச் சேர்ந்தன. உங்கள் கீபோர்டும் மௌசும் திடீரென்று ஒரு நொடி செத்து உயிர் பிடித்தால், டைப் அடிக்கும்போது ஒரு எழுத்து ஒட்டிக்கொண்டு வரிசையாக ஓடினால், முதலில் கீபோர்டின் போர்ட்டில் என்ன தொங்குகிறது என்று பாருங்கள். இதற்காகவே கீபோர்டை மாற்றியவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டு பேர்.

இப்போது என் மேஜையில் கீபோர்டு போர்ட்டில் போவது இவைதான்: வயர்லெஸ் மௌசின் குட்டி ரிசீவர், வயர் மௌஸ், ஜிஎஸ்டி, டெண்டர் வேலைக்கு வரும் பக்கத்துக் கடைக்காரரின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். சாஃப்ட்வேர் லைசென்ஸ் டாங்கிள் (சொருகினால்தான் சாஃப்ட்வேர் திறக்கும் குட்டிச் சாவி) வைத்திருப்பவர்கள் அதையும் தைரியமாகப் போடலாம். ஒரு கடிதத்தையோ பிடிஎஃப்பையோ எடுக்க வந்த பென் டிரைவை, அது மறுக்கப்படாத வரை, போட்டு எடுப்பேன். பென் டிரைவுக்கு எழுத மாட்டேன்.

போகக் கூடாதவை என்றால் ஹார்ட் டிஸ்க், எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி, டிவிடி ரைட்டர், போன், வெப்கேம், வைஃபை டாங்கிள், விரல்ரேகைக் கருவி. எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் இல்லையே என்று பலர் கேட்கிறார்கள். வேகமாக எழுதும்போது அது ஹார்ட் டிஸ்க் அளவுக்கு இழுக்கும், சில நேரம் கூடவே. ஆனால் 'டிக்' சத்தம் போட்டு எச்சரிக்காது, மௌனமாகக் கழன்றுவிடும். அதனால் எனக்கு எஸ்எஸ்டி மேல்தான் பயம் அதிகம். விரல்ரேகைக் கருவியில் விளக்கு எரிந்தும் ரேகை பதியாமல், வயசானவர்களைத் திரும்பத் திரும்ப விரலைத் துடைத்து வைக்கச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். ஒரு இடத்தில் கருவியைக் கீபோர்டிலிருந்து சிபியுவுக்கு மாற்றியதும் முதல் தடவையே பதிந்தது. எல்லா இடத்திலும் காரணம் அதுவாக இருக்காது, ரேகை தேய்ந்தவர்களும் உண்டு. ஆனால் மாற்றிப் பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும்.

பிரிண்டருக்குத் தனி மின் இணைப்பு இருப்பதால் கரண்ட் பிரச்சினை இல்லை, அதைக் கீபோர்டில் போடவும் காரணம் இல்லை. போனைப் பொறுத்தவரை, சார்ஜ் ஏறுவது போலத்தான் தெரியும். திரையை எரியவிட்டால் ஏறுவதைவிட இறங்குவது அதிகமாக இருக்கும். கணினி ஸ்லீப்பில் போனால் அதுவும் போச்சு, தூங்கும் நிலையில் சாதனங்கள் சில மில்லி ஆம்பியருக்குள் அடங்கிவிட வேண்டும் என்பது விதி. சுவரில் இருக்கும் சார்ஜருக்குப் போடுவதுதான் நல்லது.

வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. கீபோர்டு ஹப்புகளில் பெரும்பாலானவை யூஎஸ்பி 2.0. ஏட்டில் நொடிக்கு 480 மெகாபிட், கையில் கிடைப்பது 30 மெகாபைட் சுமாருக்கு. 64 ஜிபி கார்டு காப்பி ஆக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பழைய கீபோர்டில் யூஎஸ்பி 1.1 ஹப் என்றால் நொடிக்கு 1 மெகாபைட்தான் வரும். அதே கார்டுக்கு முக்கால் நாள் வேண்டும்.

சில கீபோர்டு கேபிளின் முனையில் இரண்டு பிளக் இருக்கும். இதை நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்த வகையில் ஒரு பிளக் கீபோர்டுக்கு, இன்னொன்று நேராக மேலே இருக்கும் யூஎஸ்பி போர்ட்டுக்கு. உள்ளே ஹப் கிடையாது; கீபோர்டின் உடம்பு வழியாகப் போகும் ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினியின் போர்ட் தருவது முழுசும் அதற்குக் கிடைக்கும், கேபிளில் இழப்பது போக. விளையாட்டுக்கான கீபோர்டுகளில் இது அதிகம். கலர் கலரான வெளிச்சமே ஒரு போர்ட்டின் பங்கைச் சாப்பிட்டுவிடும் என்பதால். போர்ட் வேலையே செய்யவில்லை என்று ஒருவர் கொண்டுவந்த கீபோர்டில், இரண்டாவது பிளக் ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டியபடியே மேஜைக்குப் பின்னால் கிடந்தது. சொருகியதும் சரியாகிவிட்டது. இந்த வகையிலும் நான் ஹார்ட் டிஸ்க்கைப் போடுவதில்லை, அந்த நீளக் கேபிளுக்காகவே. கார்டு ரீடர் போடுவேன்.

போர்ட் வைத்த கீபோர்டை, அடாப்டர் இல்லாத சாதா ஹப்பில் சொருகுவதும் கூடாது. அந்த ஹப்பின் ஒரு போர்ட் தருவது 100. கீபோர்டின் உள் ஹப் கேட்பது 500. சில கணினிகள் பவர் போதாது என்று சொல்லும், சில நேரம் கீபோர்டே எழுந்திருக்காது. லேப்டாப்பில் போர்ட் போதாமல் சின்ன ஹப் வாங்கி, அதில் கீபோர்டைப் போட்டு, அந்தக் கீபோர்டில் பென் டிரைவைப் போடுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. கீபோர்டை லேப்டாப்பில் நேராகச் சொருகுங்கள், மற்றதை ஹப்புக்கு மாற்றுங்கள்.

கடைசியில் எனக்குத் தேவைப்பட்டது அடாப்டருடன் வரும் ஹப். அதை வாங்கும்போது அடாப்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். நான்கு யூஎஸ்பி 3.0 போர்ட் வைத்து, 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் கொடுப்பார்கள். நான்கும் 900 கேட்டால் 3.6 ஆம்பியர் வேண்டும். இரண்டு ஹார்ட் டிஸ்க் வரைதான் அது தாங்கும். நான் 4 ஆம்பியர் அடாப்டர் வைத்த ஒன்றாகத் தேடி எடுத்தேன். மானிட்டரில் யூஎஸ்பி போர்ட் இருக்கிறவர்களுக்குச் செலவே இல்லை; மானிட்டருக்கு மெயின் கரண்ட் இருப்பதால் அதன் ஹப்பும் பொதுவாக அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். கணினியிலிருந்து மானிட்டருக்குப் போகும் யூஎஸ்பி கேபிளை மட்டும் மறக்காமல் இணைக்க வேண்டும். அந்தக் கேபிள் பெட்டிக்குள்ளேயே பிரிக்காமல் கிடப்பதை நிறைய வீடுகளில் பார்க்கலாம்.

வேலை முறையிலும் மாற்றினோம். அந்தத் தம்பியின் கேமராவில் இரண்டு கார்டு போடும் வசதி இருந்தது. முதல் கார்டு நிறைந்ததும் இரண்டாவதுக்குப் போகும்படி வைத்திருந்தான். இப்போது இரண்டிலும் ஒரே படம் ஒரே நேரத்தில் பதியும்படி மாற்றிவிட்டான். இரண்டு டிஸ்க்கில் காப்பி ஆகி, இரண்டிலிருந்தும் சில படங்களைத் திறந்து பார்க்கும் வரை கார்டைத் தொடுவதில்லை. என்னிடம் வரும் எல்லா ஸ்டுடியோக்காரர்களிடமும் இதைச் சொல்கிறேன். சிலருக்குச் சலிப்பாக இருக்கிறது, எனக்குப் பரவாயில்லை.

ஹப்பை மேஜையின் வலது ஓரத்தில் இரட்டைப் பக்கம் ஒட்டும் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். கீபோர்டின் போர்ட்டுகளில் ஒன்றில் மௌஸ் ரிசீவர். இன்னொன்றை ஒரு துண்டு டேப் போட்டு மூடிவிட்டேன், அதில் மார்க்கரால் 'மௌஸ் மட்டும்' என்று எழுதி. அந்தத் தம்பி ஆடி முடிந்து முதல் முகூர்த்தத்துக்குக் கார்டுகளோடு வந்தபோது, போனில் சார்ஜ் குறைவாக இருந்தது. டேப்பைப் பார்த்தான். "சார்ஜர் எங்கண்ணே இருக்கு?" என்று சுவரைத் தேடினான்.